எண்ணெய் ஓட்டையில் சிவப்பு நூல்

பாவா மெல்லிய இடுக்கியை என்ஜினின் அந்த ஓட்டைக்குள் விட்டு இழுத்தார். நூல் வந்தது.

சிவப்பு நூல். எண்ணெயில் ஊறி முக்கால்வாசி கறுத்துப்போயிருந்தது. ஆனாலும் சிவப்புதான். லுங்கியில் கட்டம் போடுகிற சிவப்பு. இன்னும் இழுத்தார். இன்னும் வந்தது. கடைசியில் மிளகு அளவுக்கு ஒரு சின்னப் பந்தாக மிச்சமும் வந்து விழுந்தது.

எனக்கு இரண்டு காதும் அடைத்துக்கொண்டது. பக்கத்து டீக்கடை ரேடியோ வாயை மட்டும் அசைப்பது போல இருந்தது.

“இன்னா மச்சான் இது?” என்றார் பாவா.

அந்த நூலை எந்தக் கழிவு மூட்டையிலிருந்து பிய்த்தேன் என்பது வரைக்கும் எனக்குத் தெரியும்.

பவித்ரா, லோகேஷ், இதை இத்தனை வாரமாக நான் எழுதாமல் தள்ளிக்கொண்டே வந்தேன். போன வாரம் பத்திரிகையில் தறி வந்த கதை வெளியானதும் லோகேஷ் போன் பண்ணினான். “தறியை எழுதிட்ட, மாடி கட்டினதை எழுதிட்ட, ஓடிப்போன பூனையைக்கூட எழுதிட்ட. புல்லட்டை மட்டும் ஏன் நைனா எழுதமாட்டேன்ற?” என்றான். அவனுக்குத் தெரியாது. பவித்ராவுக்கும் போன ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் தெரியாது.

இட்லித் தட்டில் நட்டு போல்ட்

அந்த புல்லட் உங்கள் அம்மாவைப் பெற்ற தாத்தா ஓட்டியது. அவர் போன பிறகு பொதட்டூர்பேட்டையில் அவர்கள் வீட்டுப் பின்பக்கம் தார்ப்பாய்க்கு அடியில் வருஷக்கணக்காகக் கிடந்தது. ஊரடங்கு வந்து, நூல் வராமல் நம் வீட்டுத் தறி இரண்டும் நின்றுபோன சமயத்தில்தான் அதைத் திருத்தணிக்குக் கொண்டுவந்தேன். சும்மா உட்கார்ந்திருக்க எனக்கு வராது. உங்கள் அம்மாவுக்கும் அந்த வண்டி மறுபடி சத்தம் போட வேண்டும் என்று ஆசை.

நான் ஒன்பதாவது வரைக்கும் படித்தவன். என்ஜின் படித்ததில்லை. ஆனால் தறியைக் கழற்றி மாட்டியிருக்கிறேன். அதைவிட இது என்ன பெரிசு என்று நினைத்தேன். என் அக்கா வீட்டுக்காரர் கோதண்டம் பாவா மெக்கானிக். ஷெட் திறக்க முடியாத நாட்கள் அவை. போனிலேயே சொல்லிக்கொடுத்தார்.

“ஒவ்வொரு போல்ட்டையும் எங்கேர்ந்து எடுத்தியோ அந்த வரிசையில வெய்யி. கலந்துட்டுதுன்னு வெய்யி, அப்புறம் உன் என்ஜினு பழைய இரும்புக்குத்தான்.”

வரிசையாக வைக்க என்ன இருக்கிறது என்று தேடினேன். சமையலறையில் இட்லித் தட்டு இருந்தது. குழிக்கு ஒரு போல்ட். பக்கத்தில் சாக்பீஸால் நம்பர். உங்கள் அம்மா வந்து பார்த்தாள்.

“நாளைக்கு இட்லிக்கு மாவு ஊத்தறதா, கிரீஸ் ஊத்தறதா?”

“இது முடியட்டும் சுலோ, புதுசு வாங்கித் தரேன்.”

“ஆங், தறி ஓடட்டும், புடவை வாங்கித் தரேன்னதும் இதே வாய்தான்.”

முன் அறையில் கோணி விரித்து என்ஜினை இறக்கினேன். மேல் பாகத்தின் இரும்பு மடிப்புகளுக்கு நடுவில் குளவி மண்கூடு கட்டியிருந்தது. அதைத் தட்டி எடுத்தேன். பிஸ்டன் மேல் அப்பியிருந்த கரியை, சீப்பு போல நூலைப் பிரித்துவிடும் தறி அச்சு உடைந்ததிலிருந்து எடுத்த தகட்டுப் பல்லால் சுரண்டினேன். அடியில் தேங்கியிருந்த எண்ணெய் வெல்லப்பாகு மாதிரி இறங்கியது. மண்ணெண்ணெய் வாசனை பத்து நாள் சோற்றில் அடித்தது. பவித்ரா மூக்கைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டாள். ஆனால் சாப்பிட்டதும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துவிடுவாள். “இது எதுக்கு நைனா? இது எங்க சுத்தும்?” என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். அப்போது அவள் காலேஜ் கடைசி வருஷம்.

கத்தரித்தே பழகிய கை

தறி இருக்கும் வீட்டில் தூசி என்றால் பஞ்சுத் தூசி. தறி நின்றிருந்தாலும் விட்டத்திலிருந்து, தறியில் நீட்டியிருக்கும் பாவு நூலிலிருந்து, நம் தலைமுடியிலிருந்துகூட அது பறந்துகொண்டே இருக்கும். திறந்து கிடக்கும் என்ஜினுக்குள் அது போய்விடக் கூடாது என்று நான் ஒரு ஏற்பாடு செய்தேன். நம் வீட்டில் மூட்டையாகக் கிடக்கும் கழிவு நூலைச் சுருட்டி, என்ஜினில் தெரிந்த ஓட்டையையெல்லாம் அடைத்தேன். எந்த மெக்கானிக்கும் துணியால் அடைப்பான். எங்களிடம் நூல்தான் இருக்கிறது, நாங்கள் நூலால் அடைப்போம்.

யோசிக்காமல் செய்யவில்லை. ஒவ்வொரு அடைப்புக்கும் ஒரு வால் விட்டேன். வெளியே தொங்கும் அந்த வாலைப் பிடித்து இழுத்தால் அடைப்பு வந்துவிடும்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். துணியில் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தால் எங்கள் ஆட்களால் சும்மா இருக்க முடியாது. கை தானாகப் போய்க் கத்தரித்துவிடும். அம்மையார்குப்பத்தில் ஒரு கல்யாணத்தில், மேடையில் நின்றிருந்த மாப்பிள்ளை வேட்டி ஓரத்தில் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தது. மொய் கவரைக் கொடுக்கப் போன நான் குனிந்து பல்லால் கடித்து எடுத்துவிட்டேன். மாப்பிள்ளை ஒரு அடி பின்னால் தள்ளிப்போனார். வீடியோவில் அது அப்படியே இருக்கிறது. இன்றைக்கும் அந்த வீட்டில் என்னைக் கண்டால் பொம்பளைங்க சிரிக்கிறார்கள்.

என்ஜினின் வலது பக்க மூடியில் ஒரு மெல்லிய ஓட்டை உண்டு. பம்பு தள்ளும் எண்ணெய் அது வழியாகத்தான் உள்ளே சுழலும் பாகத்துக்குப் போகிறது. மற்ற ஓட்டைகளை விரலால் அடைத்தேன். இதற்கு விரல் போகவில்லை. அச்சுப் பல்லால் நூலை உள்ளே தள்ளினேன். வால் விட்டேன். இரண்டு நாள் கழித்து அந்த மூடியை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துப் பளபளவென்று ஆக்கி, கையில் தூக்கிப் பார்த்தேன். சுத்தமான அலுமினியத்தில் ஒரே ஒரு சிவப்பு நூல் அசிங்கமாக நீட்டிக்கொண்டிருந்தது.

தறிக் கத்திரிக்கோல் இடுப்பில் இருந்தது. நறுக்.

அவ்வளவுதான். நான் செய்தேன் என்றே அப்போது எனக்குத் தெரியாது. மூக்கில் உட்கார்ந்த ஈயை ஓட்டுவது போல.

என்ஜினை மூடும் நாளில் பாவா நேரில் வந்தார். “எல்லா அடைப்பும் எடுத்துட்டியா மச்சான்?” என்று கேட்டார். தொங்கிய வாலையெல்லாம் பிடித்து இழுத்துவிட்டு, வால் எதுவும் பாக்கி இல்லை என்று பார்த்துவிட்டு, “ஆங், எடுத்துட்டேன் பாவா” என்றேன். அவர் மூடியைப் போட்டு போல்ட்டை முறுக்கினார்.

ஏழாவது உதையில் வண்டி உயிர் பிடித்தது. தெருவே வந்து நின்றது. உங்கள் அம்மா அழுதாள்.

வலது கியர், இடது பிரேக்

இப்போது வரும் வண்டிகளில் இடது காலில் கியர், வலது காலில் பிரேக். அந்தப் பழைய வண்டியில் நேர் எதிர். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். ஸ்கூட்டி ஓட்டிப் பழகிய பவித்ரா இதைக் கேட்டதும், “எனக்கு ரெண்டுமே புதுசுதானே, அப்போ எனக்கு ஈசி நைனா” என்றாள்.

நிற்கிற வண்டியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்து, “வலது கியர், இடது பிரேக்” என்று வாய்ப்பாடு மாதிரி சொல்லிக்கொண்டே காலை அசைப்பாள். மலையடிவாரத்து மைதானத்தில் ஒரு வாரம் பழகினாள். பிறகு தெருவுக்குள் கடைக்குப் போய் வந்தாள். நான் சொல்கிறேன், என்னைவிட நன்றாக ஓட்டினாள். நான் மாற்றி மிதித்திருக்கிறேன். அவள் ஒரு தடவைகூட மாற்றி மிதித்து நான் பார்க்கவில்லை.

ஏரிக்கரைத் திருப்பம்

பொதட்டூர்பேட்டையில் உங்கள் அம்மா வழிச் சொந்தத்தில் ஒரு வளைகாப்பு. தாத்தா வண்டியிலேயே போகலாம் என்று அம்மாவுக்கு ஆசை. பவித்ரா ஓட்ட, அம்மா பின்னால் உட்கார்ந்து, மஞ்சள் புடவை பறக்கப் போனார்கள். அந்த வண்டி அவ்வளவு தூரம் போனது அன்றைக்குத்தான். போகும்போது ஒன்றும் ஆகவில்லை.

மத்தியானம் எனக்கு ஒரு போன் வந்தது. முன்பின் தெரியாத குரல். பஸ் கண்டக்டர் என்றார். “ஏரிக்கரைத் திருப்பத்துல ஒரு அம்மாவும் பொண்ணும் விழுந்து கெடக்கறாங்க. பொண்ணு உங்க நம்பரைச் சொல்லுது. உயிருக்கு ஒண்ணும் இல்லைங்க, பதறாம வாங்க.”

பதறாமல் எப்படிப் போவது? நான் செருப்பில்லாமல் போய்ச் சேர்ந்தேன் என்பது ஆஸ்பத்திரி வாசல் தரை சுட்டபோதுதான் தெரிந்தது.

ஓடிக்கொண்டிருந்த வண்டியின் பின்சக்கரம் திடீரென்று நின்றுவிட்டது. வண்டி ரோட்டில் இழுத்துக்கொண்டு போய், வேர்க்கடலைக் கொல்லையில் விழுந்திருக்கிறது. பவித்ராவுக்கு முட்டி முழுக்கச் சிராய்ப்பு. அம்மாவுக்கு இடது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. கட்டுப் பிரித்த பிறகும் அந்தக் கை முழுசாகத் திரும்பவில்லை. அறுந்த பாவு நூலை ஒரே சொடுக்கில் முடிபோடுவாளே, அது அதோடு போயிற்று.

பின்சக்கரம் ஏன் நின்றது? ஆஸ்பத்திரி வராந்தாவில் அரை மணி நேரத்தில் சொந்தக்காரர்கள் தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். பழைய வண்டி, பிரேக்கும் கியரும் இடம் மாறி இருக்கும், பொண்ணு கியர் என்று நினைத்து பிரேக்கை மிதித்துவிட்டாள். “பொட்டப் புள்ளைக்கு எதுக்குய்யா புல்லட்டு?” என்றார் ஒருவர். கட்டுப்போட்ட கையோடு உங்கள் அம்மா பரிந்து பேசினாள். “குழந்தை தெரியாம மாத்தி மிதிச்சிட்டா, விடுங்களேன்.” அன்பாகத்தான் சொன்னாள். திட்டியிருந்தால் மறந்துபோயிருக்கும். அன்பாகச் சொன்னதால் அது அப்படியே ஒட்டிக்கொண்டது.

மறுபடியும் ஷெட்டில்

மூன்று வாரம் கழித்துத்தான் வண்டியைப் பாவா ஷெட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனேன். கியரிலிருந்து எடுத்தால் சக்கரம் சுழன்றது. கியரில் போட்டால் அசையவில்லை. பாவா நெற்றியைச் சுருக்கினார்.

“பிரேக்குன்னா இப்படி நிக்காது மச்சான். இது என்ஜினு பிடிச்சிகினு இருக்குது.”

பிரித்தோம். பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடின் அடிப்பக்கம் எண்ணெயே பார்க்காமல் காய்ந்து, நீலம் பாரித்து, இறுகி ஒட்டியிருந்தது. எண்ணெய் ஏன் போகவில்லை என்று பாவா வழியைப் பின்னாலிருந்து தேடிக்கொண்டே வந்தார். அந்த மெல்லிய ஓட்டையில் கம்பியை விட்டார். கம்பி போகவில்லை. இடுக்கியை எடுத்தார்.

அப்புறம்தான் அந்தச் சிவப்பு நூல்.

நான் முதலில் நினைத்தது என்ன தெரியுமா? பவித்ராவைப் பற்றி இல்லை. சுலோ கையைப் பற்றியும் இல்லை. பாவா தவிர வேறு யாராவது பார்த்தார்களா என்று வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன். இதை எழுதும்போதுகூட எனக்கு உடம்பு கூசுகிறது.

பாவா நூலைக் கிரீஸ் துணியில் வைத்தார்.

“எடுத்துட்டேன்னு சொன்ன.”

“எடுத்துட்டேன்னுதான் நெனச்சேன் பாவா.”

“பொண்ணு மேல பழி போட்டுகினு கீறாங்களே எல்லாரும்.”

“சொல்லிடறேன்.”

“நீ சொல்லு. நான் சொன்னா அது கோள் மூட்டறது. நீ சொன்னாத்தான் சரி.”

சொல்லிடறேன் என்றேன். மூன்று வருஷம் ஆகப்போகிறது. பாவா ஒவ்வொரு பொங்கலுக்கும் என்னைப் பார்த்து, “இன்னா மச்சான், வாயில நூலு அடைச்சிகினு கீதா?” என்பார். கூட இருப்பவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

ஏன் சொல்லவில்லை என்று காரணம் தேடினால் நிறைய வருகிறது. அவளே மறந்துவிடுவாள், கல்யாணம் ஆனால் சரியாகிவிடும், இப்போது சொல்லி என்ன. எல்லாம் பொய். சுலோ முகத்தைப் பார்க்கப் பயம். அவ்வளவுதான்.

காப்பி டம்ளரோடு நின்றேன்

பவித்ரா வண்டியைத் தொடுவதை விட்டுவிட்டாள். ஸ்கூட்டியை யாருக்கோ கொடுத்துவிட்டாள். அம்பத்தூரில் வேலை கிடைத்த பிறகு, காலையில் வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கு நடந்தே போவாள். நடந்தால் உடம்புக்கு நல்லது என்பாள். நானும் ஆமாம் என்பேன்.

போன மாதம் அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். நல்ல மனுஷர்கள். பையனின் அம்மா சிரித்துக்கொண்டே கேட்டார்கள், “வண்டியெல்லாம் ஓட்டுவியாம்மா?”

“ஓட்டினேங்க. ஒரு தடவை பிரேக்கை மாத்தி மிதிச்சி எங்க அம்மா கையை உடைச்சிட்டேன். அதுக்கப்புறம் தொடறதில்லைங்க.”

வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. பேர் என்ன, படிப்பு என்ன என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள். நான் காப்பி டம்ளர் தட்டோடு கதவோரம் நின்றிருந்தேன். உள்ளே போய் ஆளுக்கு ஒரு டம்ளராகக் கொடுத்தேன்.

இஸ்திரிப் பெட்டி

போன ஞாயிற்றுக்கிழமை காலை அவள் ஹாலில் ஆபீஸ் துணிகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். எதிரில் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அடைத்தது, கத்தரித்தது, பாவா இடுக்கியால் இழுத்தது, நான் வாயை மூடிக்கொண்டது. நடுவில் நிறுத்தினால் மறுபடி சொல்ல மாட்டேன் என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

அவள் முதலில் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள். வயரைப் பொறுமையாகச் சுற்றினாள். அடித்துவிடுவாளோ என்றுகூட நினைத்தேன். அடித்திருக்கலாம்.

“ஆஸ்பத்திரியில நான் உன்கிட்ட இன்னா சொன்னேன் நைனா?” என்று கேட்டாள்.

“எப்போம்மா?”

“அம்மாவுக்கு உள்ள கட்டு போட்டுகினு இருக்கும்போது. வராந்தாவுல.”

எனக்கு நினைவில்லை. சத்தியமாக நினைவில்லை.

“‘என்ஜின்லேர்ந்து கர்ர்னு ஒரு சத்தம் வந்துது நைனா, அப்புறம்தான் சக்கரம் நின்னுது, நான் எதையும் மிதிக்கல’ன்னு சொன்னேன். நீ இன்னா சொன்ன தெரியுமா? ‘பயத்துல அப்படித்தான் தோணும்மா, விடு’ன்னு சொன்ன. எல்லாரும் நின்னுகினு இருந்தாங்க.”

சுற்றிய வயரோடு பெட்டியை அவள் ஓரமாக நகர்த்தினாள்.

“ஒரு மாசம் அந்தச் சத்தம் காதுல கேட்டுகினே இருந்துது. அப்புறம் எல்லாரும் சொல்லச் சொல்ல, நானே நெனச்சிகினேன், சத்தம் எதுவும் வரல, நான்தான் மிதிச்சேன்னு. இப்பல்லாம் யோசிச்சா மிதிச்ச மாதிரியே கால்ல தெரியுது நைனா. பிரேக்கு அமுங்கறது கூடத் தெரியுது.”

இடது காலை லேசாக முன்னால் நீட்டிக் காட்டினாள்.

நான் அவள் அம்மாவின் கையை மட்டும்தான் முறித்தேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். என் பெண் கேட்ட சத்தத்தை அவள் காதிலிருந்து எடுத்துவிட்டு, அவள் மிதிக்காத ஒரு மிதியை அவள் காலில் வைத்திருக்கிறேன். அதை இந்த ஜென்மத்தில் நான் எப்படிக் கழற்றுவேன்?

சமையலறைக் கதவில் சுலோ நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. என்னைப் பார்க்கவில்லை. மகளைத்தான் பார்த்தாள். “நானும்தானேடி ஊரெல்லாம் சொல்லிகினு திரிஞ்சேன்” என்று சொல்லிவிட்டு அப்படியே கீழே உட்கார்ந்தாள். அன்று எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை.

சாயங்காலம் பவித்ரா வந்து, “இதைப் பத்திரிகையில எழுதப்போறியா?” என்றாள்.

“உனக்கு வேணாம்னா எழுதல.”

“எழுது. நூலு கதையை மட்டும் எழுதாத. நான் சொன்னதையும் எழுது.”

எழுதுகிறேன். பொதட்டூர்பேட்டையிலும் அம்மையார்குப்பத்திலும் இதைப் படிக்கிற எங்கள் சொந்தக்காரர்களுக்கு, அன்று வராந்தாவில் நின்றவர்களுக்கு, பெண் பார்த்துவிட்டுப் போன அந்தக் குடும்பத்துக்கு: முதலில் என்ஜினில் சத்தம் வந்தது. அப்புறம்தான் சக்கரம் நின்றது. என் மகள் பவித்ரா பிரேக்கைத் தொடவில்லை. அவள் அதை அன்றைக்கே சொன்னாள்.

அனுப்புவதற்கு முன்னால் அவளிடம் படிக்கக் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். நான் கடைசியில் இன்னொரு வரியும் எழுதியிருந்தேன், என் மகள் என்னை மன்னித்துவிட்டாள் என்று. பேனாவை வாங்கி அந்த வரியை மட்டும் அடித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

“அதை நான் இன்னும் சொல்லலையே நைனா” என்றாள்.